ஏழாம் வார்டு மெம்பரின் துக்க அறிவிப்பு

எங்கள் ஏழாம் வார்டு மெம்பர் வைகுண்டராஜனைத் தேர்ந்தெடுத்தது ஒரு டிபன் பாக்ஸ். 2020 தொடக்கத்தில் வாக்கு எண்ணினார்கள். அவருக்கு நூற்றி எண்பத்தேழு. எதிர்த்து நின்ற ரசலையனுக்கும் நூற்றி எண்பத்தேழு. மூன்று தடவை எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிய வாத்தியார்களுக்குக் கொட்டாவி வந்ததே தவிர எண் மாறவில்லை. கடைசியில் தேர்தல் அதிகாரி இரண்டு பெயரையும் துண்டுக் காகிதத்தில் எழுதி, மத்தியானம் தயிர்சாதம் தின்று கழுவி வைத்திருந்த தன் டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கினார். காவலுக்கு நின்ற போலீஸ்காரி ஒன்றை எடுத்து நீட்டினாள். பன்னைவிளை ஊராட்சியின் ஏழாம் வார்டு அவ்வாறாக ஜனநாயகம் அடைந்தது.

ரசலையன் சும்மா இருப்பாரா? சீட்டில் தயிர் ஒட்டியிருந்தது, தயிர் ஒட்டிய சீட்டுதான் கையில் வரும் என்று அங்கேயே சண்டை பிடித்தார். அதிகாரி டிபன் பாக்ஸைக் கவிழ்த்துக் காட்டினார். அதன்பிறகு ரசலையன் எல்லோர் முன்னாலும் கையை நீட்டிச் சொன்னார்.

"லேய் வைகுண்டம், கேட்டுக்கோ. நீ செத்தாக்கூட உன் துட்டிக்கு நான் வரமாட்டேன்."

எங்கள் பக்கத்தில் இதற்குமேல் ஒரு வசவு கிடையாது. துட்டி என்றால் சாவு வீடு, அங்கே துக்கம் கேட்கப் போவது. கல்யாணத்துக்கு அழைப்பு வேண்டும்; துட்டிக்கு வேண்டாம், காதில் விழுந்தால் போதும். கல்யாணத்துக்கு வராதவனை ஊர் ஒரு மாதத்தில் மறந்துவிடும். துட்டிக்கு வராதவனைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்லிக் காட்டும். பேசாமல் இருக்கிற சம்பந்திகள்கூட வந்து, பேசாமலே உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள்.

இந்த வழக்கத்தால்தான் என் அடுப்பு எரிகிறது. நான் இஸ்ரவேல். மகள் பெயரில் 'ஜாஸ்மி சவுண்ட் சர்வீஸ்' வைத்திருக்கிறேன். ஒரு ஆட்டோ, அதன் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு மைக். கோயில் கொடை, சர்ச் பண்டிகை எல்லாவற்றுக்கும் போவேன் என்றாலும் என் தொண்டைக்கு விதித்தது துக்க அறிவிப்புதான். "அன்பார்ந்த" என்று ஆரம்பித்தாலே பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு, "யாரு போனது?" என்று வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஒருதடவை ஜவுளிக்கடைத் திறப்புவிழாவுக்கு அறிவித்தேன். மூன்று பேர் வெள்ளை வேட்டி கட்டி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கடைக்காரன் அதோடு என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டான்.

வைகுண்டராஜன் வாழைக்குலை வியாபாரி. நெற்றியில் வெள்ளை நாமம், தோளில் குலை தூக்கித் தூக்கிக் காய்த்த தடம். காயை ஒரு தட்டுத் தட்டி, "செவ்வாக்கிழம பழுக்கும்" என்பார். செவ்வாய்க்கிழமை பழுக்கும். காயிடம் இரண்டே சொல்லில் முடித்துக்கொள்கிற இந்த மனுஷன், வார்டு மக்களிடம் பேச ஆரம்பித்தால் மக்களே பழுத்துவிடுவார்கள்.

மெம்பர் ஆன மறுநாளே 'ஏழாம் வார்டு மக்கள் குரல்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். அதில் மக்களின் குரல் ஒன்றுகூட வந்ததில்லை, மெம்பரின் குரல் மட்டும் வந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு ஏழு நிமிடம். தொடக்கம் எப்போதும் ஒன்றுதான்: "எனக்கு ஓட்டுப் போட்ட நூற்றி எண்பத்தேழு பேர்களே, போடாத நூற்றி எண்பத்தேழு பேர்களே!" போட்டவர்களுக்கு அது கடன்காரன் குரலாகவும் போடாதவர்களுக்குக் குத்திக்காட்டலாகவும் கேட்டது. அவர் இரண்டையும் நினைக்கவில்லை. அத்தனை பேருக்கும் தான்தான் பொறுப்பு என்பதை அவருக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

பிறகு கொரோனா வந்தது. இரண்டாம் அலை அடித்த 2021ஆம் வருஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலாக வருகிறது. துட்டிக்கு ஆள் போகாத வருஷம் அது. நான் தெருத்தெருவாக அறிவிப்பேன். கடைசியில், "யாரும் நேரில் வரவேண்டாம்" என்று நானே சேர்த்துச் சொல்வேன். மெம்பர் காலையில் கபசுரக் குடிநீர் பற்றி ஏழு நிமிடம் பேசுவார், பகலில் சைக்கிளில் மாத்திரை கொண்டுபோய் வாசல்படியில் வைப்பார். மே மாதம் ரசலையனின் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். கல்லறைத் தோட்டத்தில் ரசலையன் தனியாகத் தூரத்தில் நின்றார். பெட்டியை இறக்கியது, தலைமுதல் கால்வரை வெள்ளைப் பிளாஸ்டிக் உடுப்பு மாட்டிய நான்கு பேர். நான்கில் ஒருவர் வைகுண்டராஜன். எனக்கு மட்டும் தெரியும். வெளியே சொல்லாதே என்று என் கையைப் பிடித்து அழுத்தியிருந்தார்.

அந்த வருஷத்துக்கு அதுவும் போதவில்லை. மழையும் வந்தது.

எங்கள் ஊர்க் குளம் பன்னைக்குளம். கரைக்குக் கீழே நாற்பத்திமூன்று வீடு; அந்த இடத்துக்குக் குளத்தடி என்று பெயர். மெம்பர் வீடும் ரசலையன் வீடும் அங்கேதான், நடுவில் ஒரே மதில். மே மாதப் புயல்மழையில் கரை உடையப்போகிறது என்று மெம்பர் சொன்னார். குளத்தடி முழுக்க மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறியது. கரை உடையவில்லை. இரண்டு நாள் கழித்து இறங்கி வந்து பார்த்தால், ரசலையனின் பதினாறு கோழியில் நான்குதான் மிச்சம். தின்றது நாயா நரியா என்று எங்களுக்குத் தெரியாது. ரசலையனைக் கேட்டால் மெம்பர் என்பார். அக்டோபரில் மெம்பர் மறுபடியும் சொன்னார். பாதிப்பேர் ஏறினார்கள். கரை உடையவில்லை. நவம்பரில் மூன்றாவது தடவை சொன்னபோது, குழுவில் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் முப்பத்தாறு வந்தன.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னைக் கரையடிக்குக் கூட்டிப்போனார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. புல்லுக்குள் விரல் கனத்தில் ஒரு ஊற்று ஓடியது.

"பாத்தியா மக்கா?"

"எப்பமும் ஊறுததுதானே அண்ணாச்சி."

"எப்பமும் தெளிஞ்ச வெள்ளம் வரும். இப்பம் செம்மண்ணு கலங்கி வருது. கரை உள்ளுக்குள்ள கரையுது. இருட்டதுக்குள்ள போயிரும்."

குலையைத் தட்டிப் பார்த்துச் சொல்கிற அதே குரல். அதிகாரிகளுக்கு ஏற்கெனவே போன் பண்ணியிருந்தார். அவர்கள் வேறெங்கோ உடைந்துபோன கரைகளில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். வந்து சேர நான்கு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். ஆட்டோவை எடுத்தேன். குளத்தடியை மூன்று சுற்றுச் சுற்றினோம். என் குரலைக் கேட்டதும் வழக்கம்போல வாசலுக்கு வந்தார்கள்.

"யாரு போனது?" என்று கேட்டாள் முக்குவீட்டு ரெனிஷா.

"ஒருத்தரும் போகல்ல. கரை உடையப்போவுது. பள்ளிக்கூடத்துக்குப் போங்க."

"ஓ, அதா" என்று கதவைச் சாத்திவிட்டாள். மற்ற வீட்டுக் கதவுகளும் அதே சத்தத்தோடு சாத்திக்கொண்டன.

மூன்றாவது சுற்று முடிந்து முக்கில் நிறுத்தினேன். மெம்பர் பின்சீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தார்.

"லேய் இஸ்ரவேலு, என்னையக் கொன்னுரு."

"அண்ணாச்சி!"

"மைக்குலடே. மெம்பர் செத்துட்டாருன்னு சொல்லு. வீட்டு முத்தத்துல வெள்ளம், அதனால பொணம் பள்ளிக்கூடத்துல கெடக்குன்னு சொல்லு. ஒருத்தன் பாக்கியில்லாம வருவான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இருபத்திரண்டு வருஷம் மைக் பிடித்திருக்கிறேன். ஒரு பொய்ச்சாவு சொன்னதில்லை. சாராயம் குடித்துவிட்டுக் கிடந்தவனைச் செத்துவிட்டான் என்று அவன் பெண்டாட்டி வந்து சொன்னபோதுகூட, நேரில் போய் மூக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டி எடுத்திருக்கிறேன்.

"என் தொழிலே போயிரும் அண்ணாச்சி. நாளைக்கு எவன் என்னைய நம்புவான்?"

"நம்பதுக்கு நாளைக்கு ஆளு உயிரோட இருக்கண்டாமா?"

வண்டியைத் திருப்பினேன். அவர் வீட்டுக்குப் போய் மனைவி முத்துக்கனி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னோம். அக்கா கதறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு புருஷனை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தக் காரியமாவது உருப்படியா முடியட்டும். ஆனா நான் அழமாட்டேன் கேட்டியளா? நெசமாட்டு வரும்போ அழுதுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, அரிசியும் பயறும் அளந்து ஒரு வாளியில் போட்டார். இருவரையும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, மூன்றரை மணிக்கு நான் மறுபடியும் குளத்தடிக்குள் நுழைந்தேன்.

"அன்பார்ந்த பன்னைவிளை ஊர்ப் பொதுமக்களே. குளத்தடியைச் சேர்ந்தவரும் நமது ஏழாம் வார்டு உறுப்பினருமான திரு. வைகுண்டராஜன் அவர்கள் இன்று மதியம் மூன்று மணியளவில் காலமானார் என்பதை மிகுந்த வருத்தத்துடன்..."

இரண்டாவது வீடு தாண்டுமுன் குடைகள் விரிந்தன. ரெனிஷா ஈரக்கையோடு ஓடிவந்தாள். நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மெம்பர் சொல்லி அசையாத குளத்தடி, ஒரு சாவுக்கு அரைமணி நேரத்தில் காலியானது.

பள்ளிக்கூடத்தில் மெம்பர் சத்துணவு அடுப்படிக்குள் ஒளிந்து நின்று கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். வெளியே வராந்தாவில் ஒப்பாரி தொடங்கிவிட்டது. "எங்க முக்குல குழாய் போட்டுத் தாறேன்னியே, போடாமப் போயிட்டியே!" என்று ரெனிஷா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். காலையில் குழாய்க்காக அவரை நாயே பேயே என்று திட்டியதும் அவள்தான். ஜன்னல் வழியாக இதைக் கேட்டுக்கொண்டே மெம்பர் கண்ணைத் துடைத்தார். புகை என்றார். அடுப்பில் புகையே இல்லை.

"பொணம் எங்க?" என்று யாரோ கேட்டபோது அகப்பையோடு வெளியே வந்தார்.

ஒருத்தி மயங்கி விழுந்தாள். இரண்டு பேர் குலதெய்வத்தைக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் என்ன நடந்தது என்று புரிந்ததும் குடையால் அடித்தார்கள். மெம்பர் எல்லா அடியையும் வாங்கிக்கொண்டு, "அடிங்க. இருட்டுத வரைக்கும் நின்னு அடிங்க. கீழ மட்டும் போயிராதீங்க" என்றார். அவருக்கு வேண்டியது கூட்டம் கலையாமல் இருப்பது. சண்டை நடக்கிற இடத்தைவிட்டு எங்கள் ஊரில் ஒருவரும் போவதில்லை.

முத்துக்கனி அக்கா வீடு வீடாகப் பெயர் சொல்லி எண்ணினார். நாற்பத்திரண்டு வந்துவிட்டது. வராதது ஒரே வீடு.

"ரசலையன் வரமாட்டான். சொன்ன சொல்லு தவற மாட்டான்" என்று அகப்பையைக் கீழே வைத்தார் மெம்பர். "வண்டிய எடு மக்கா."

குளத்தடியில் முழங்கால் அளவு தண்ணீர். ரசலையன் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மேல் பொத்தான் இரண்டு போடாமல் கிடந்தது. கையில் குடை. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. எனக்குப் பின்னால் நிற்கிற ஆளைப் பார்த்தார்.

"லேய்... நீ சாகலியா?"

"இல்லடே."

ரசலையன் விட்ட அறையில் மெம்பரின் நாமம் ஒரு பக்கமாக இழுபட்டுப் போனது.

"நாயே! ஒரு மணிக்கூறா இந்தச் சட்டையப் போட்டும் கழட்டியும் அழுதிட்டிருக்கேன். சொன்ன சொல்லு ஒரு பக்கம் இழுக்கு. அன்னைக்கு எம் பொண்டாட்டி பெட்டியத் தூக்குன தோளு ஒரு பக்கம் இழுக்கு."

"அது... நான் இல்லடே."

"பிளாஸ்டிக்கச் சுத்துனா எனக்குத் தெரியாதா? குலை தூக்குத தோளுலே அது. ஒரு பக்கம் சாஞ்சிருக்கும்."

இரண்டு கிழவர்களும் தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது. நேரம் போகிறதே என்று கோபமும் வந்தது. இழுத்து வண்டியில் ஏற்றப் பார்த்தேன். கோழி இல்லாமல் வரமாட்டேன் என்று ரசலையன் நின்றுவிட்டார். போனதடவை பட்ட அனுபவம். மிச்சமிருந்த நான்கு கோழிகளையும் அமுக்கிப் பிடித்து ஏற்றினோம். மைக்கை அணைக்க மறந்திருந்தேன். அறையும் அழுகையும் ஒன்றுவிடாமல் மேட்டுக்குக் கேட்டிருக்கிறது. போகிற வழியெல்லாம் கோழிகளும் ஒலிபெருக்கியில் ஊருக்கு அறிவித்துக்கொண்டே வந்தன.

ஆறேகால் மணிக்குக் கரை போனது. நாங்கள் வராந்தாவில் நின்று பார்த்தோம். லாரியில் ஜல்லி கொட்டுகிற சத்தம். முதலில் விழுந்தது மெம்பர் வீடும் ரசலையன் வீடும். நடுமதில் மட்டும் நின்றது. மொத்தம் பதினோரு வீடு. மற்ற வீடுகளில் தண்ணீர் ஜன்னலைத் தாண்டியது. ஆள் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அதுவரை கஞ்சியைத் தொடமாட்டேன் என்று முறைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தட்டு எடுத்து வரிசையில் நின்றார்கள்.

பொய் வதந்தி பரப்பியதற்கு எங்கள் இருவரையும் போலீஸ் கூப்பிட்டது. மெம்பர் எழுதிக் கொடுத்தார்: "மேற்படி வைகுண்டராஜன் ஆகிய நான் மேற்படி தேதியில் இறக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன். இனி இறப்பதாக இருந்தால் உண்மையாகவே இறப்பேன்." படித்த ஏட்டையா இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அதற்குப்பிறகு குளத்தடியில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. மேகம் கறுத்தாலே, "மெம்பர் செத்துட்டாராம், மேட்டுக்கு வாங்க" என்பார்கள். மெம்பரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பொய்யாகச் செத்தவனுக்கு ஆயுசு கெட்டி என்று ஊரே சொன்னது. அவரும் அதை நம்பினார். நானும் நம்பினேன்.

2024 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குலை இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வயது அறுபத்தொன்று. நான் போய் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். இன்னொருதடவையும் வைத்துப் பார்த்தேன். பிறகு வண்டியை எடுத்தேன்.

என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. ஒரு சுற்று முடித்து, இடிந்த இடத்திலேயே அவர் மறுபடி கட்டிய வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. முத்துக்கனி அக்கா தலைமாட்டில் கல்மாதிரி உட்கார்ந்திருந்தார். ரசலையன் ஒருவர்தான் நின்றார். அறிவிப்புக்கு முன்னாலேயே வந்து, நடைப்படி ஏறி, நாற்காலியெல்லாம் போட்டது அவர்தான். பத்து மணியானது. பத்தரை ஆனது. குளத்தடியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை.

"இவனுக்கா வரமாட்டாவ? சவத்துப் பயலுவ!" என்று ரசலையன் வெளியே பாய்ந்தார். நானும் ஓடினேன். எல்லா வீடும் பூட்டிக் கிடந்தது. தொழுவத்தில் ஆடுகூட இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மேட்டுப் பள்ளிக்கூட வராந்தா முழுக்க ஆள். பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டு, பாய், தலையணை, ஆடு, கோழி. குளத்தில் தவளை குளிக்கத் தண்ணீர் கிடையாது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. இருந்தாலும் அத்தனை வீடும் ஏறியிருந்தது. ரெனிஷா அடுப்படி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெம்பரு எங்க? கடல் எதாவது கேறி வருதா?" என்று என்னைக் கேட்டாள்.

அவர் பேரைக் கேட்ட மாத்திரத்தில், ஒருவரும் சொல்லாமலே இவர்கள் தப்பிக்க ஏறியது அதுதான் முதல் தடவை. ரசலையன் என் வண்டியில் இருந்த மைக்கை எடுத்தார். பத்தடி தூரத்தில் நிற்பவர்களிடம் பேச மைக் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"அவனுக்கு ஓட்டுப் போட்ட நூத்தி எண்பத்தேழு பேரே, எனக்குப் போட்ட நூத்தி எண்பத்தேழு பேரே. மெம்பரு அடுப்படியில இல்ல. எட்டிப் பாக்காதீங்க. இந்தத் தடவ நெசமாட்டு போயிட்டான். எறங்கி வாங்க."

மூட்டைகளைப் போட்டுவிட்டு வர ஒருவருக்கும் தோன்றவில்லை. பாயும் தலையணையுமாக, ஆட்டை இழுத்துக்கொண்டு, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லோரும் மேட்டிலிருந்து இறங்கினார்கள். அந்தக் கூட்டம் தெருமுக்கில் திரும்பி வருவதைப் பார்த்த பிறகுதான் முத்துக்கனி அக்கா அழ ஆரம்பித்தார்.